மறு: அடிப்போகைன் – கொழுப்பு இயக்குநீரா, கொழுப்புத்தூதா?

> கொழுப்புத் திசுவில் சுரப்பதுதானே, ‘கொழுப்பு இயக்குநீர்’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா. அடிப்போகைன் (adipokine) என்பது கொழுப்புத் திசு சுரந்து மற்றச் செல்களுக்குச் சேதி சொல்லும் பொருள்களின் பொதுப்பெயர். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். பசியை அடக்கும் லெப்டினுக்கும், இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிப்போநெக்டினுக்கும் ‘இயக்குநீர்’ (ஹார்மோன்) பொருந்தும். இரத்தத்தில் கலந்து தொலைவில் வேலை செய்பவை அவை. ஆனால் அடிப்போகைன் பட்டியலில் டி.என்.எஃப். ஆல்ஃபா மாதிரி அழற்சிப் பொருள்களும் உண்டு. அவை பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செல்களிடமே வேலை காட்டும். அவற்றை இயக்குநீர் என்றால் இடிக்கும்.

குருத்தணு (stem cell, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) சிகிச்சை பற்றி எழுதும்போதுதான் இந்த இடி பெரிதாகிறது. உறிஞ்சி எடுத்த கொழுப்பிலிருந்து குருத்தணுக்களைப் பிரிக்கலாம் என்று 2001-இல் காட்டினார்கள். அதிலிருந்து, கொழுப்பு நிறைய இருந்தால் குருத்தணுவுக்குப் பஞ்சமில்லை என்று ஒரு நினைப்பு. அளவு சரி, தரம்? உடல் பருத்தவர்களுக்கு லெப்டின் கூடும், அடிப்போநெக்டின் குறையும். பெருத்த கொழுப்புச் செல்களைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் குவிந்து, அழற்சி அடங்காமல் கனன்றுகொண்டே இருக்கும். குருத்தணுக்கள் ஊறிக் கிடப்பது இந்த அக்கம்பக்கத்து அழற்சிப் பொருள்களில்தான். வெளியே எடுத்து வளர்த்தால் மெதுவாகப் பெருகுகின்றன, எலும்புச் செல்லாக மாறுவதில் சுணங்குகின்றன, சீக்கிரம் மூப்படைகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சொந்தக் கொழுப்பை எடுத்துச் சொந்த மூட்டில் செலுத்தும் சிகிச்சைக்குப் பணம் கட்டுமுன் ஒருவருக்கு இது விளங்க வேண்டாமா?

கொழுப்புக்கு ‘நிணம்’ பழைய நல்ல சொல். ஆனால் நிணநீர் (lymph) அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ‘கொழுப்புத்தூது’ என் பரிந்துரை. தூது ஆர்.என்.ஏ. (mRNA) என்ற சொல் ஏற்கெனவே பழகியிருப்பதால் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இங்கே கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி ஒன்பதாம் வகுப்பில் ‘கொழுப்பு தூது அனுப்பும்’ என்று சொல்லிப் பார்த்தேன். “யாருக்குக் கொழுப்பு, டீச்சர்?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள், ஆனால் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து மலையாள வகுப்பில் குருத்தணுவுக்கு ‘வித்துகோசம்’. நம் பிள்ளைகள் அதையும் சேர்த்தே கேட்டு வளர்கிறார்கள், அதில் குழப்பமில்லை.

அப்புறம், லெப்டின் ஏராளமாக இருந்தும் மூளை அதற்கு இணங்காத நிலையை ‘லெப்டின் எதிர்ப்பு’ என்கிறோம். யாரோ லெப்டினோடு சண்டை போடுவது போல இருக்கிறது. ‘லெப்டின் மசியாமை’ எப்படி?

—

அம்மா, கொழுப்புத்தூது எனக்குச் சம்மதம். மசியாமை பேச்சில் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘இன்சுலின் எதிர்ப்பு’ மருந்துச்சீட்டு வரை போய்விட்டதே. இரண்டையும் மாற்றுவதா, இரண்டையும் விடுவதா? ஒன்றை மட்டும் மாற்றினால் மாணவர்கள்தான் திண்டாடுவார்கள்.