கழுந்து துளைக்குள்ள ஆடுது, ஒரு பக்கம் இடைவெளி – உதவி தேவை

மாடிப்பட்டறை: கையாலயே ஸ்டூல் செய்றேன், மெஷின் கிடையாது. கால்ல துளை அடிச்சு, குறுக்குச்சட்டத்து முனையில கழுந்து (துளைக்குள்ள நுழையுற நாக்கு) வெட்டி மாட்டினா லொடலொடன்னு ஆடுது. கழுந்தோட தோள், அதாவது அது ஆரம்பிக்கிற இடத்துப் படி, ஒரு பக்கம் கால்ல ஒட்டுது, இன்னொரு பக்கம் நகம் நுழையுது. அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன். ஃபெவிகால் நிறைய வச்சு இறுக்கினா போதுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும்.

வேப்பங்கட்டை: என்ன மரம்? சட்டம் எத்தனை கனம்? உளி எந்த அளவு? துளை எவ்வளவு ஆழம்? படம் போடுங்க ப்ரோ.

பூவரசு: ஈர மரம்தான். காயக் காயக் கழுந்து சுருங்கும், ஆடும். வேற ஒண்ணுமில்ல.

மூலைமட்டம்: மாசாமாசம் இதே கேள்வி. கோட்டு மேல நேரா அறுக்க வராம ஸ்டூலுக்குத் தாவினா இப்படித்தான். கழிவுக்கட்டையில பழகிட்டு வாங்க தம்பி. வெள்ளைப் பசை மெல்லிசா, மரத்தோட மரம் ஒட்டி இருந்தாத்தான் பிடிக்கும். இடைவெளியை அடைக்கிற வேலை அதுக்கில்ல.

மாடிப்பட்டறை: பழைய ஜன்னல் தேக்கு, ஈரமில்ல. கால், குறுக்குச்சட்டம் எல்லாம் 1½ இஞ்ச் சதுரம். ஸ்கேல் வச்சு 12 மிமீ கழுந்து, அரை இஞ்ச் உளி. துளை ஆழம் 25, கழுந்து நீளமும் 25.

உளிப்பிடி: பதில் இதுலயே இருக்கு. அரை இஞ்ச் உளி 12.7 மிமீ. துளை உளி அகலத்துக்குத்தான் வரும், கழுந்து 12. அந்த 0.7 தான் ஆடுது. மார்க்கிங் கேஜோட (மரத்துல கோடு கீறுற கருவி) ரெண்டு முள்ளையும் உளி நுனியில வச்சே திறந்து, அதே கேஜால துளைக்கும் கழுந்துக்கும் கோடு போடணும். கேஜை எப்பவும் சட்டத்தோட வெளிமுகத்துல மட்டும் சாத்துங்க. முகம் மாறினா கழுந்து ஓரம் தள்ளிப் போகும்.

கழுந்து துளை ஆழத்தைவிட 2 மிமீ குட்டையா இருக்கணும், இல்லன்னா அடியில முட்டும். பக்கத்து முகத்துத் துளையும் அதே உயரத்துலயா? அப்படின்னா 25 ஆழத்துல ரெண்டும் உள்ளயே சந்திக்கும், ரெண்டு கழுந்தும் இடிச்சுக்கும். முனைகளை 45 டிகிரிக்குச் சரிச்சு அறுங்க.

இப்ப வெட்டினதைக் காப்பாத்த: கழுந்தோட ரெண்டு கன்னத்துலயும் (தட்டையான பக்கம்) தேக்குச் சீவலை, நார் ஓட்டம் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒட்டிக் காயவிட்டு, உளியால சீவிச் சீவி மாட்டிப் பாருங்க. கையால தள்ளினா பாதி போகணும், மீதிக்குக் கொட்டாப்புளியால (மரச்சுத்தியல்) லேசாத் தட்டினா போதும். முழுக்கத் தட்டியே இறக்கினா கால் பிளக்கும். முட்டுறதெல்லாம் சரியாகியும் தோள் திறந்திருந்தா, பசையில்லாம மாட்டி, அந்த இடைவெளி வழியா மெல்லிய ரம்பத்தைத் தோளைச் சுத்தி ஓட்டுங்க. மேடு மட்டும் அறுபடும். எதிர்ச்சட்டத்துலயும் அதே அளவு குறைக்கணும், இல்லன்னா ஸ்டூல் கோணும்.

பூவரசு: தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். ஒட்டுறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல துடைங்க. நான் சொன்ன மாதிரி மரம்தான் பிரச்சினை.

மூலைமட்டம்: இதுக்குத்தான் நூல் கணக்கு, இஞ்சுக்கு 8 நூல். 1½ இஞ்ச்னா 12 நூல், கழுந்துக்கு அதுல மூணுல ஒரு பங்கு, 4 நூல், அதாவது அரை இஞ்ச் உளி. ஆசாரிகளுக்கு மனக்கணக்கு. மில்லிமீட்டர் புகுந்ததும்தான் இந்தக் குழப்பம்.

வேப்பங்கட்டை: கடையில இப்ப 12 மிமீ உளியும் தர்றான் ஐயா. அதை அரை இஞ்ச்னு நம்பி நூல் கணக்குல கழுந்து வெட்டினா உள்ளயே போகாது. குழப்பம் அளவுமுறையில இல்ல, ரெண்டையும் கலக்குறதுல.

மூலைமட்டம்: உளி வாங்கத் தெரியாதவங்களுக்கு நான் பொறுப்பில்ல.

மாடிப்பட்டறை: உள்ள இடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. முனை சரிச்சதும் தோள் உக்காந்துடுச்சு. சீவல் ஒட்டியிருக்கேன், காயுது. நன்றி.

வேப்பங்கட்டை: ஐயா, 3 நூல் உளிக்கு எத்தனை கனச் சட்டம்? 9 நூல் சட்டம் எந்தக் கடையில கிடைக்குது?

மூலைமட்டம்: மூணுல ஒண்ணு உத்தேசம்தான். 8 நூல் சட்டத்துக்கும் 3 நூல் உளியே போதும். இதையும் சொல்லித் தரணுமா?