அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்கும் வஜினோசிஸ் பரிசோதனை தேவையா?

கேள்வி:
பாக்டீரியல் வஜினோசிஸ் (யோனியில் இயல்பாக உள்ள பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது) உள்ள கர்ப்பிணிகளிடம் குறைப்பிரசவம் அதிகம் என்கிறார்கள். அப்படியானால் அறிகுறி இல்லாதவர்களையும் பரிசோதித்து மருந்து கொடுத்துவிடலாமே?

மறுமொழி 1:
நியாயமான கேள்விதான். பிரான்சில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான பிரிமேவா ஆய்வில், வஜினோசிஸ் இருந்த, குறைப்பிரசவ அபாயம் குறைந்த கர்ப்பிணிகளுக்குத் தொடக்கத்திலேயே கிளின்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தும் பிந்தைய கருச்சிதைவோ, மிக முன்கூட்டிய பிரசவமோ குறையவில்லை. அதனால்தான் அனைவருக்குமான பரிசோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை.

மறுமொழி 2:
ஆனால் மீன் வாடையுடன் வெள்ளைப்படுதல் இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறிகுறி உள்ள கர்ப்பிணிக்குச் சிகிச்சை அவசியம். யோனித் திரவத்தின் பிஎச் (அமில-கார அளவு) 4.5ஐத் தாண்டியிருப்பதும், நுண்ணோக்கியில் ஓரமெல்லாம் பாக்டீரியா அப்பிய செல்கள் தெரிவதும் முக்கியத் தடயங்கள்.

கேட்டவர்:
நன்றி. கர்ப்பமில்லாத காலத்தில் இது திரும்பத் திரும்ப வருவது ஏன்?

மறுமொழி 1:
துணைவரிடமிருந்து மீண்டும் தொற்றுவது ஒரு காரணம். 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் மருந்தளித்தபோது 12 வாரங்களுக்குள் 63 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது. ஆண் துணைக்கும் சேர்த்து அளித்தபோது 35 சதவீதத்தினருக்கே வந்தது.