மாமாவின்ரை ஹொக்கி கார்ட் ஒன்பதாயிரம்: மொத்தமாய்க் குடுக்கவா, பிரிச்சு விக்கவா?

விசுவமடு_மருமகள்:
வணக்கம். என்ரை மாமா 1987இலை கனடாவுக்குப் போனவர். கலியாணம் கட்டேல்லை. 2016இலை விசுவமடுவுக்கே திரும்பி வந்திட்டார். கப்பலிலை போட்ட சாமானிலை பாதி ஐஸ் ஹொக்கி கார்ட், ஆட்டக்காரரின்ரை படம் அடிச்ச சேகரிப்பு அட்டையள். போன தையிலை மோசம் போனார். இப்ப சப்பாத்துப் பெட்டி 11 எங்கடை அறையிலை இருக்கு. தம்பியும் நானும் மூண்டு இரவாய் எண்ணினோம், ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. கூடவே ஒரு சீஆர் கொப்பி. எதை எப்ப, என்ன விலைக்கு வாங்கினவர் எண்டு தன்ரை கையாலை எழுதி வைச்சிருக்கிறார்.

கொழும்பிலை இருந்து ஒருத்தர் வாட்ஸ்அப்பிலை படம் பார்த்திட்டு, எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய் தாறன், ஆளை அனுப்பிறன் எண்டார். அம்மா குடுத்துவிடு எண்டுறா. மாரி தொடங்கினால் அறை ஈரம் ஏறும், கறையான் பயமும் இருக்கு. எங்களுக்குக் கிரிக்கெட் தெரியும், ஹொக்கி தெரியாது. இதுகளுக்கு நியாயமான விலை என்ன எண்டு எப்பிடி அறியிறது?

குருமன்காட்டான்:
தங்கச்சி, அவசரப்பட்டுக் குடுத்திடாதேங்கோ. படத்தை மட்டும் பார்த்து மொத்த விலை சொல்லுறவர் ஏதோ ஒரு நல்ல கார்டைக் கண்டிட்டார் எண்டுதான் நான் நினைப்பன்.

நான் கிரிக்கெட் கார்ட் சேர்க்கிறனான். முரளியின்ரை பழைய கார்ட் நாற்பதை றப்பர் பான்டாலை கட்டி அலுமாரியிலை வைச்சனான். வவுனியா வெக்கைக்கு றப்பர் இளகி மேல் கார்டிலை ஒட்டிப் போச்சு. உரிக்கேக்கை முகத்தின்ரை பாதி றப்பரோடை வந்திட்டுது. மற்றதுகளின்ரை விளிம்பிலை பள்ளம். இண்டைக்கும் வயிறெரியும். பெட்டிக்குள்ளை றப்பர் பான்ட் கிடந்தால் முதல் அதைக் கழட்டுங்கோ. இழுத்து எடுக்காதேங்கோ, கத்தரிக்கோலாலை வெட்டுங்கோ. பிறகு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்கு மாத்தி, புதுச் சப்பாத்தோடை வாற ஈரம் உறிஞ்சிற பைக்கற் இரண்டு மூண்டைப் போட்டு, சுவரிலை முட்டாமல் மேசையிலை வையுங்கோ.

விலைக்கு ஈபேயிலை தேடுங்கோ. ஆனால் ஆக்கள் கேக்கிற விலையைப் பாராதேங்கோ. வித்து முடிஞ்சதை மட்டும் காட்டிற தெரிவு ஒண்டு இருக்கு, அதுதான் கணக்கு. ஆயிரம் டொலர் எண்டு போட்டு வருசக்கணக்காய்க் கிடக்கிற அதே கார்ட் 12 டொலருக்கு வித்திருக்கும்.

முறிகண்டிக்_கச்சான்:
பிள்ளை, என்ரை ஊர் கிளிநொச்சி. கனடாவிலை ஸ்காபரோவிலை முப்பது வருசம், இந்தக் கார்டுகளோடை மாரடிச்ச ஆள். உங்கடை மாமாவைப்போலை வேலை முடிஞ்சு வரேக்கை மூலைக்கடையிலை ஒரு பைக்கற் வாங்கி, பஸ்ஸிலை இருந்து உடைச்சுப் பார்த்த ஆக்கள் எங்களிலை கனபேர். அது வெறும் காகிதமில்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனால் உள்ளதைச் சொல்லவேணும்.

முதல் வருசத்தாலை பிரியுங்கோ. 1990ஐ ஒட்டின வருசங்களிலை வந்த புரோ செற், ஸ்கோர், அப்பர் டெக் எண்ட கொம்பனிக் கார்ட் எல்லாம் அளவுக்கு மிஞ்சி அடிச்சவை. அதுகளிலை முக்கால்வாசி தபால் செலவுக்கும் காணாது. உங்கடை ஒன்பதாயிரத்திலை ஏழாயிரம் அதுவாய்த்தான் இருக்கும். மனம் உடையாதேங்கோ. காசு இருக்கிறது கொஞ்சக் கார்டிலை.

ஓ-பீ-சீ எண்ட கனடாக் கொம்பனியின்ரை பேர் உள்ளதுகளைத் தனியாய் எடுங்கோ. பின்பக்கம் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கும். அதுக்குள்ளை தேடவேண்டியது ஆட்டக்காரரின்ரை முதல் வருசக் கார்ட்: 1979-80 வெய்ன் கிரெட்ஸ்கி, எண் 18, 1985-86 மரியோ லெமியூ, எண் 9, 1986-87 பற்றிக் றோய், எண் 53. பிந்தினதிலை 2005-06 அப்பர் டெக்கின்ரை யங் கன்ஸ் எண்ட புதுமுக வரிசை, சிட்னி குறொஸ்பி, எண் 201. இதிலை ஒண்டு இருந்தாலே அந்த 80,000க்குச் சட்டெண்டு ஓம் சொல்லாதேங்கோ.

கிரெட்ஸ்கிக்குப் போலி கனக்க. நகைக்கடைக்காரரின்ரை கண்ணாடியாலை பாருங்கோ. அசலிலை எழுத்து ஒரே மையாய் நிற்கும். படம் பிடிச்சுத் திரும்ப அடிச்சதிலை எழுத்தும் புள்ளி புள்ளியாய் உடைஞ்சு தெரியும்.

விசுவமடு_மருமகள்:
அண்ணா, கை நடுங்குது. நாலாவது பெட்டியிலை, நீல விளிம்பு, எண் 18. பின்பக்கம் இரண்டு மொழி. வலப்பக்க மேல் மூலையிலை நீலம் தேய்ஞ்சு வெள்ளைக் காகிதம் தெரியுது, மற்ற மூண்டும் பரவாயில்லை. சீஆர் கொப்பியிலை மாமா எழுதியிருக்கிறார்: “1988 ஆவணி. 60 டொலர். எட்மண்டன் இவனை லொஸ் ஏஞ்சலிசுக்குக் குடுத்திட்டுது எண்ட கோவத்திலை கோப்பை கழுவிற பெடியன் வித்தவன்.” அம்மா வாசிச்சிட்டு அழுதிட்டா. அந்தக் காலத்திலை தான் 60 டொலருக்கு ஒரு மாதச் சமையல் முடிச்சிருப்பன் எண்டு மாமா சொல்லுறவராம்.

முறிகண்டிக்_கச்சான்:
பிள்ளை, அந்த மாதம்தான் கிரெட்ஸ்கி எட்மண்டன் அணியிலை இருந்து மாறினவன், 1988 ஆவணி 9. எழுத்துப் பொருந்துது. அதுக்காக அசல் எண்டு சொல்லேலாது, கண்ணாடியாலை பார்த்தே ஆகவேணும்.

2021இலை இதே கார்ட் 37.5 லட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது. அது கார்டுக்குத் தரம் போடுற பிஎஸ்ஏ எண்ட கொம்பனியின்ரை அளவிலை 10க்கு 10 எடுத்த கார்ட். மூலை தேய்ஞ்ச உங்கடையை அதோடை ஒப்பிடாதேங்கோ. ஆனால் அசல் எண்டால் தேய்ஞ்சதும் பல நூறு டொலருக்குப் போகும். துடைக்காதேங்கோ, மூலையிலை மை பூசாதேங்கோ, பூசினால் விலை விழுந்திடும்.

பெட்டி எல்லாத்தையும் இங்கை கனடாவுக்கு அனுப்பினால் காசு முழுக்கத் தபாலுக்குப் போகும். நல்ல கார்ட் ஐம்பது அறுபதை மட்டும் பிரிச்சு, நல்லூர்த் திருவிழாவுக்கு வாற சொந்தக்காரர் ஆரின்ரையும் கைப்பையிலை குடுத்துவிடுங்கோ. எண் போட்டுப் பட்டியல் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ, சொந்தமெண்டாலும். ஈபே 13 வீதம் அளவிலை கழிக்கும். கடைக்காரர் பாதி விலைக்குக் கிட்டத்தான் தருவினம், ஆனால் அண்டைக்கே காசு. கிரெட்ஸ்கியை மட்டும் பிஎஸ்ஏக்கு அனுப்பித் தரம் போட்டு விக்கலாம். மற்றதுக்கு அந்தச் செலவு கட்டாது.

நாளைக்குக் காலமை, வெயில் ஏற முதல், முற்றத்து வெளிச்சத்திலை பிளாஷ் போடாமல் முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை படம் எடுத்துப் போடுங்கோ. அந்தக் கொப்பிப் பக்கத்தையும் எடுங்கோ. கொப்பியை மட்டும் ஆருக்கும் குடுக்காதேங்கோ.