பொருள்: ‘டிஎல்டி பேட்ஜ்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவுக்குக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் போகிறவர்கள் வார்டு உதவியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும். மற்றதெல்லாம் முடிந்தது, உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் டிஎல்டி பேட்ஜ்தான் பாக்கி. பழைய பதிப்பில் ‘கதிர்க்காப்பு அட்டை’ என்றிருக்கிறது. அப்படியே விடலாமா?

மருத்துவ இயற்பியலாளர்:
‘காப்பு’ வேண்டவே வேண்டாம். அது எதையும் காக்காது. உள்ளே இருப்பவை டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் கொண்ட மூன்று வட்டத் துண்டுகள். பட்ட கதிரின் ஆற்றலைத் தேக்கி வைத்திருந்து, ஆய்வகத்தில் சூடாக்கும்போது அதற்கேற்ப ஒளிரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறோம். ஊழியர்மேல் படும் கதிர் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிரளவின் அலகு), எந்த ஓராண்டிலும் 30, இது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. எங்கள் உதவியாளர் ஒருவர் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனைக் கழற்றிவிட்டு எக்ஸ்ரே அறைக்குள் நின்றார். கேட்டால், “அதான் பேட்ஜ் இருக்கே சார்” என்கிறார்!

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அளவுக்கு நம்மிடம் ‘மாத்திரை’ உண்டே. தொல்காப்பியர் நூன்மரபு இயலில் கண்ணிமையையும் நொடியையும் கொண்டு எழுத்தின் மாத்திரையை வரையறுக்கிறார். அளவைக் குறித்த சொல்தான் பிறகு மருந்துக்கே பெயராயிற்று. பட்ட கதிரின் அளவான டோஸுக்கு ‘கதிர்மாத்திரை’, பேட்ஜுக்கு ‘கதிர்மாத்திரைகாட்டி’.

மருத்துவ இயற்பியலாளர்:
ஐயா, மன்னிக்கணும். தைராய்டு புற்றுநோயாளிகள் சிலருக்குக் கதிரியக்க அயோடின்-131ஐ மாத்திரையாகவே விழுங்கக் கொடுக்கிறோம். அவர்களுடைய கழிப்பறையைச் சுத்தம் செய்வது பற்றியும் இதே கையேட்டில் வருகிறது. அங்கே ஒரு மாத்திரை, சட்டையில் ஒரு மாத்திரையா?

தனித்தமிழ் அன்பர்:
மாத்திரை வடசொல், போகட்டும். வெப்பமானியில் வரும் ‘மானி’யும் அப்படியே. ‘கதிரளவி வில்லை’ என்போம். வட்டமான தட்டைத் துண்டுக்கு வில்லை என்று பெயர். உள்ளே வட்டத் துண்டுகள் என்றாரே, அதற்கும் பொருந்துகிறது. அந்தக் கால அரசு அலுவலகச் சேவகர்கள் மார்பில் அணிந்த பித்தளைத் தகடும் வில்லைதான், ‘வில்லைச் சேவகன்’ என்றே பெயர்.

அகராதிப் பிரியர்:
சேவகன் வில்லை அருமை. ஆனால் ஒரு சந்தேகம். இந்தியில் பேட்ஜுக்கு ‘பில்லா’ என்கிறார்கள். அது இங்கே வந்து வில்லை ஆயிற்றா, இங்கிருந்து போயிற்றா? சந்தன வில்லை, வில்லை ஓடு, சடைப்பில்லை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்குத் தனி இழையே தொடங்கலாம்.

தனித்தமிழ் அன்பர்:
இங்கிருந்துதான் போயிருக்கும்.

இயற்பியல் ஆசிரியை:
என் வகுப்பில் வில்லை என்றால் குவி வில்லை, குழி வில்லை. பேட்ஜுக்குள் லென்ஸ் இருக்கிறது என்று பிள்ளைகள் எழுதி வைப்பார்கள். ‘கதிரளவு அட்டை’ போதாதா? அட்டை என்பதுகூட ரத்தம் உறிஞ்சும் அட்டையை நினைவூட்டுமோ என்னவோ!

மொழிபெயர்ப்பாளர்:
இன்று அங்கே துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவரிடம் ‘கதிரளவி வில்லை’ என்று சொல்லிப் பார்த்தேன். “சோப்பா?” என்றார். ‘கதிரளவு அட்டை’ என்றதும், “பேட்ஜைச் சொல்றீங்களா? மூணு மாசத்துக்கு ஒருக்கா கணக்குப் பார்ப்பாங்களே” என்று அவரே விளக்கினார். ஆகவே ‘கதிரளவு பேட்ஜ்’ என்று போட்டுவிடலாமா?

மருத்துவ இயற்பியலாளர்:
எனக்குச் சம்மதம். கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “இது கதிரைத் தடுக்காது, அளக்கும். ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணியவும்.” ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறையில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆள்மேல் படாத கதிரெல்லாம் அவர் கணக்கில் ஏறிவிடுகிறது.

இயற்பியல் ஆசிரியை:
சரி, என் வாக்கும் அதற்கே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் ‘கதிரளவுப் பேட்ஜ்’ என்று ஒற்று மிக வேண்டும்.

அகராதிப் பிரியர்:
ஐயா, பேட்ஜின் பகரம் ‘பந்து’வில் வருவது போல மெலிந்த ஒலி. ஒற்று போட்டால் வாசிக்கிறவர் வல்லொலியாக்கிவிடுவார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘பூப்பந்து’ என்று எழுதவில்லையா? எழுத்துக்குத்தான் புணர்ச்சி விதி. ஒலிக்கு அல்ல.

மொழிபெயர்ப்பாளர்:
அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஒற்று போடவில்லை. ஐயா பொறுத்தருள்க.

தனித்தமிழ் அன்பர்:
அடுத்த பதிப்பு எப்போது?