கத்தரிக்கோல் எடுக்கத் தயங்கின ராத்திரி

ராத்திரி டூட்டி:

ஆம்புலன்ஸ்ல இ.எம்.டி.யா, அதாவது வண்டியில வர்ற அவசர மருத்துவ உதவியாளரா, எனக்கு இது ஒன்பதாவது வருஷம். காப்பாத்தின கதையை எல்லாரும் சொல்றோம். நான் கோட்டை விட்ட கதையைச் சொல்றேன். உங்ககிட்டயும் அப்படி ஒண்ணு இருந்தா எழுதுங்க, புதுசா வர்ற பசங்க படிக்கட்டும்.

நாலு வழிச்சாலை. ராத்திரி பத்தரை மணி. பைக்கை ஒரு டெம்போ உரசிட்டு நிக்காமப் போயிடுச்சு. ஓட்டின பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். வலது முழங்காலுக்குக் கீழ எலும்பு வெளிய தெரியுது. கூட்டம் மொத்தமும் அவனைச் சுத்தித்தான். அவன் அலறினது எனக்கு ஒரு வகையில நிம்மதி. அலற முடியுதுன்னா தொண்டை அடைக்கல, நெஞ்சுக்குள்ள காத்து போயிட்டு வருது, நினைவும் இருக்கு. ரத்தம் கசிஞ்சுது, பீய்ச்சி அடிக்கல. பேட் வச்சு அமுக்கிக் கட்டி, கால் அசையாம இருக்க ஸ்ப்ளின்ட் போட்டு, போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாதத்துல நாடி பார்த்தேன். வகுப்புல சொல்லிக் கொடுத்தபடியே நடந்துச்சு.

அவனோட அம்மா மீடியன் கட்டையில உட்கார்ந்திருந்தாங்க. பைக் பின்னாடி ஒரு பக்கமா கால் போட்டு உட்கார்ந்து வந்தவங்க. "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, அவனைப் பாருங்க"ன்னாங்க. யாரோ கையில சோடா பாட்டில் திணிச்சிருந்தாங்க. நாடி 104, பிரஷர் 118/74. மூச்சு? எண்ணல. 20-னு எழுதினேன். நாம எல்லாரும் எழுதுவோமே, அந்த 20.

"இடது தோள் மட்டும் லேசா வலிக்குது"ன்னாங்க. தோளை அழுத்திப் பார்த்தேன், நோகல. கையைத் தூக்கச் சொன்னேன், காதுவரைக்கும் தூக்கினாங்க. எலும்பு சரின்னு விட்டுட்டேன். வயித்தையும் விலாவையும் பார்க்கணும்னா புடவையை விலக்கணும். முப்பது பேர் போன் டார்ச்சை அடிச்சுட்டு நிக்கிறாங்க, அதுல பாதிப் பேர் வீடியோ. எங்கம்மா வயசுக்காரங்க. கத்தரிக்கோல் பேன்ட் பாக்கெட்டுலதான் இருந்தது. கை போகல.

இவங்களுக்குப் பின்னாடி ஒரு வண்டி வரச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அவங்க கேட்டாத்தானே. "எம் புள்ள போற இடத்துக்கு நானும்தான்"னு அவங்களே ஏறி சீட்ல உட்கார்ந்துட்டாங்க. அதுல என் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல.

பன்னிரண்டு நிமிஷம் ஓடியிருக்கும். "தம்பி, தண்ணி இருக்கா?" பஞ்சை நனைச்சு உதட்டுல வச்சேன். திரும்பவும் கேட்டாங்க. அப்புறம் ஒரு கொட்டாவி. கையைத் தொட்டா சில்லுன்னு, ஈரமா. நாடி 128. பிரஷர் 112/90. மேல் எண்ணை மட்டும் பார்த்தா பதற ஒண்ணுமில்ல. கீழ் எண் 74-லேருந்து 90-க்கு ஏறியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல 44 இருந்தது 22 ஆயிடுச்சு. உள்ள ரத்தம் குறையக் குறைய, உடம்பு குழாய்களை இறுக்கி மேல் எண்ணைத் தாங்கிப் பிடிக்கும். பெரியவங்க உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம். அதுல ஒன்றரை லிட்டர் போறவரைக்கும்கூட மேல் எண் சாதுவா நிக்கலாம். அது விழும்போது நமக்கு நேரம் இருக்காது.

பக்கவாட்டு பெஞ்சுல படுக்க வச்சு அப்பத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன். இடது பக்கம் கடைசி விலா எலும்புகள் மேல கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. மீடியன் கட்டையோட விளிம்பு. வயிறு கல்லு மாதிரி. மண்ணீரல்.

தோள்வலிக்கு அர்த்தம் அப்பத்தான் புரிஞ்சுது. மண்ணீரல் கிழிஞ்சு ரத்தம் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) அடியில தேங்கினா வலி தோள்ல தெரியும். உதரவிதானத்துக்குப் போற நரம்பு கழுத்துலேருந்து கிளம்புது, தோளோட உணர்ச்சிக்கும் அதே இடம்தான். அழுத்தினா நோகாத, கையைத் தூக்கினாலும் கூடாத தோள்வலி. பாடத்துல படிச்சது, பரீட்சையிலயும் எழுதினது.

ஆக்சிஜன், ரெண்டு லைன். சலைனை அளவாத்தான் விட்டேன், மணிக்கட்டு நாடி கையில தட்டுற அளவுக்கு. கன்ட்ரோல் ரூம் டாக்டர்கிட்டப் பேசிட்டு, போற ஆஸ்பத்திரிக்கு "ரெட், வயித்துக்குள்ள ரத்தக்கசிவு"ன்னு முன்கூட்டியே சொல்லியாச்சு. ரெட்னா உடனே பார்க்க வேண்டிய கேஸ். போய் இறங்கும்போது சர்ஜன் வாசல்ல நின்னார். மண்ணீரலை எடுத்தாங்க, பிழைச்சாங்க. அன்னைக்கு அந்தம்மா பிடிவாதம் பிடிக்காம மீடியன்லயே உட்கார்ந்திருந்தா? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடல.

வடக்கு ஜில்லா அக்கா:

தம்பி, எங்க பேட்ச்ல எல்லாருக்கும் இந்தத் தயக்கம் இருந்தது. பொம்பளைங்களான எங்களுக்குக்கூட. நான் இப்ப செய்றது இதுதான்: போய் இறங்கினதுமே கூட்டத்துல ரெண்டு அம்மாக்களைக் கூப்பிட்டு, "ஆளுக்கு ஒரு நுனி பிடிங்க, திரும்பி நில்லுங்க"ன்னு பெட்ஷீட்டைக் கொடுத்துடுவேன். அந்த நிமிஷத்துலேருந்து அவங்கதான் போலீஸ். வீடியோ எடுக்கிறவனை அவங்க பார்த்துக்குவாங்க. ஜாக்கெட்டை முன்பக்கம் கொக்கியில கழட்டப் போராடாதீங்க, பக்கவாட்டுத் தையலோட வெட்டுங்க. ஊக்கைக் கவனிங்க. தோள்ல ஒண்ணு, கொசுவத்துல ஒண்ணு, கட்டாயம் இருக்கும். என் கிளவுஸை ரெண்டு தடவை கிழிச்சிருக்கு.

என் கதை துப்பட்டா. காலேஜ் பொண்ணு, பின்சக்கரத்துல ஷால் சுத்திக் கீழ விழுந்தா. நான் போறதுக்குள்ள யாரோ அறுத்து விட்டிருந்தாங்க, எழுந்து நின்னு எங்கிட்டப் பேசிட்டிருந்தா. கழுத்துல சாட்டையால அடிச்ச மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். கூட வந்த தோழி சொன்னாளே, "அக்கா, இவ குரல் இப்படி இருக்காது." அதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சது. கரகரப்பு இல்ல அது, குரல்வளை உள்ள வீங்கிட்டு வருது. படுக்க வச்சா திணறினா. தலை அசையாமப் பிடிச்சபடி சாய்ச்சு உட்கார வச்சு, மயக்க டாக்டர் தயாரா இருக்கணும்னு போன் போட்டுக்கிட்டே போனோம். அந்தத் தோழி வாய் திறக்கலன்னா, சிராய்ப்புன்னு எழுதிட்டு மெதுவாப் போயிருப்பேன். கூட வந்தவங்க நோயாளியைப் பத்திச் சொல்றதை இப்பல்லாம் வெட்டிப் பேசறதில்ல.

பைலட்னா பிளேன் இல்ல:

நான் வண்டி ஓட்டுறவன். தமிழ்நாட்டுல 108 வந்தது 2008. அடுத்த வருஷமே சேர்ந்தேன். எங்களுக்குப் பேர் பைலட். அப்படிச் சொன்னா சொந்தக்காரங்க இன்னும் துபாய் டிக்கெட் கேக்கிறாங்க.

ஒரு பெரியவர், டிராக்டர் ஏறி இடுப்பெலும்பு முறிவு. இடுப்பெலும்பை இறுக்கிப் பிடிக்கிற பட்டை, பைண்டர், எங்ககிட்ட அன்னைக்கு இல்ல. இ.எம்.டி. பெரியவரோட வேட்டியையே மடிச்சுக் கட்டச் சொன்னார். நானும் பிடிச்சு இழுத்து நல்லா இறுக்கிக் கட்டினேன். எங்க? வேட்டி எங்க கட்டுவோமோ அங்கதான், இடுப்புல. கை பழகின இடம். அவர் பார்த்துட்டு, "அண்ணே, இது கோயிலுக்குப் போற கட்டு, அவிழுங்க"ன்னார்.

அது கீழ இறங்கணும். தொடையோட வெளிப்பக்கம் மேல கையை வச்சுத் தடவினா ஒரு எலும்பு முட்டும் பாருங்க, ரெண்டு பக்கமும் அந்த முட்டு மேல வரணும். மேல கட்டினா உடைஞ்ச வளையம் மூடாது, இன்னும் விரியக்கூட வாய்ப்பிருக்கு. முழங்கால் ரெண்டையும் சேர்த்து ஒரு துண்டால கட்டினோம். எங்க இ.எம்.டி. இடுப்பை அழுத்தி ஆட்டிப் பார்க்கவே இல்ல. உறைஞ்ச ரத்தக்கட்டி கலைஞ்சுடும்னு விளக்கம் சொன்னார். அந்த ஆட்டிப் பார்க்கிற வேலையைக் கூட்டத்துல ஒருத்தர் ஏற்கெனவே செஞ்சு முடிச்சிருந்தார், அது வேற கதை.

ஹெல்மெட்டை ஒத்தையா இழுக்கிறவங்களைப் பத்தியும் யாராவது எழுதுங்க. ஒருத்தர் கீழேருந்து கழுத்தைத் தாங்கணும், இன்னொருத்தர் பக்கவாட்டுல விரிச்சு உருவணும். ரெண்டு பேர் வேலை.

கேஷுவாலிட்டி சிஸ்டர்:

நாங்க வாங்குற பக்கம். வெட்டுங்க, வேண்டாங்கல. வெட்டின பிறகு மூடுங்களேன்! மழையில நனைஞ்ச உடம்பு, மேல ஒண்ணுமில்ல, வண்டியில ஏ.சி. முழு வேகத்துல. போன மாசம் வந்தவருக்கு உடம்புச் சூடு 34 டிகிரி. குளிர்ந்த ரத்தம் உறையாது. நாங்க மேல பாட்டில் பாட்டிலா ஏத்தறோம், கீழ ஒழுகிட்டே இருக்கு. நம்ம ஊர் வெயில்ல யாருக்குக் குளிரப் போகுதுன்னு நினைக்கிறது தப்பு, ரத்தம் போனவங்களுக்கு மே மாசத்துலயும் குளிரும்.

இன்னொண்ணு, அடிபட்ட நேரம். "இப்பத்தான் சிஸ்டர்"னு சொல்றதை வச்சு நாங்க என்ன பண்ண? ரத்தக்கசிவைக் குறைக்கிற டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி இருக்குல்ல, 2010-ல இருபதாயிரம் பேருக்கு மேல சேர்த்து நடந்த கிராஷ்-2 ஆய்வுக்கு அப்புறம்தான் விபத்துக்கு அது பரவலாச்சு. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள்ள போட்டா சாவு குறையுது. அதுக்கு மேல போச்சுன்னா நன்மை இல்ல, கெடுதல்கூட ஆகலாம். ஒருத்தர் ஓடைப் பள்ளத்துல கிடந்தது எப்போலேருந்துன்னே யாருக்கும் தெரியல. கடைசியில அவர் போன்ல வீட்டுக்காரம்மாவோட எட்டு மிஸ்டு கால் இருந்தது. முதல் கால் 6.40. அதை வச்சுத்தான் டாக்டர் கணக்குப் போட்டார். அந்த போனை எடுத்துட்டு வந்து கொடுத்த இ.எம்.டி. பொண்ணுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பைபாஸ் டீக்கடை:

நான் இந்தத் தொழில் இல்லீங்க, கடை வளைவுல இருக்கு. மாசத்துக்கு ரெண்டு விபத்து பார்க்கிறேன். முதல் தடவை லாரி கிளீனர் ஒருத்தருக்குத் தொடையில தகடு கிழிச்சு ரத்தம் கொப்பளிச்சு வருது. ஒருத்தர் காப்பித்தூளை அப்புன்னார், ஒருத்தர் சோடா கொடுன்னார். நான் தோள்ல கிடந்த துண்டைச் சுருட்டி வச்சு அமுக்கினேன். அது சரிதான். ஆனா நின்னுச்சானு அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புதுசா வந்துச்சு. 108-ல வந்த பொண்ணு, "அண்ணா, அது சாம்பார் இல்ல, மூடியைத் திறந்து பார்க்க"ன்னு சத்தம் போட்டுட்டு, என் கை மேல முழங்காலை வச்சு அழுத்திக்கிட்டே தொடைக்கு மேல ரத்தத்தை நிறுத்துற டூர்னிகே பட்டையை முறுக்கினா. கட்டின நேரத்தை அவர் நெத்தியிலயே பேனாவால எழுதினா.

அப்ப எனக்குப் பயம் போலீஸ், கோர்ட்டு சாட்சி. இப்ப கடையில ஒரு அட்டை மாட்டியிருக்கேன். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல உதவி பண்ணினவங்களுக்குப் பாதுகாப்பு வந்தாச்சு, பேரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு எழுதி. கீழ இன்னொரு வரி: முதல் 48 மணி நேரச் செலவுக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு, காசுக்குப் பயந்து ஆட்டோவுல தூக்கிப் போடாதீங்க. சோடா கேட்டு வந்தா மட்டும் கொடுக்கிறதில்ல. ஆபரேஷனுக்கு வயிறு காலியா இருக்கணும்னு அந்தப் பொண்ணு சொன்னதுலேருந்து.

ராத்திரி டூட்டி:

அக்கா, பெட்ஷீட் யோசனையை எடுத்துக்கிட்டேன். சிஸ்டர், ஏ.சி. விஷயம் எனக்கும் பொருந்துது, ஒத்துக்கிறேன்.

அந்தம்மாவை மூணு மாசம் கழிச்சு அதே ஆஸ்பத்திரி ஓ.பி. வாசல்ல பார்த்தேன், பையனுக்குப் பிளேட் வச்ச காலைக் காட்ட வந்திருந்தாங்க. அடையாளம் தெரியாதுன்னு ஒதுங்கி நின்னேன். நேரா வந்தாங்க. "நீதானப்பா அன்னைக்கு வண்டியில? தீபாவளிக்கு எடுத்த புடவைப்பா அது. வெட்டறதுதான் வெட்டினே, பார்டரை விட்டுட்டு வெட்டியிருக்கலாம்ல?"

"தப்புதாம்மா"ன்னேன்.

இப்ப டூட்டிக்கு வந்து வண்டி செக் பண்ணும்போது முதல்ல கத்தரிக்கோலைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். பழசு மொக்கையாயிடுச்சு. ஜீன்ஸ் துணியும் பெல்ட்டும் வெட்டுற மாதிரி நல்லது எங்க கிடைக்கும், யாராவது சொல்லுங்க.