கீழே இருக்கிற நம்பரைத் தொடக்கூடாதுங்களா?

திருப்பூர், டியூஷன் வாத்தியார்:

வேதிச் சமன்பாட்டைச் சமப்படுத்துவது என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வகை அணுவும் ஒரே எண்ணிக்கையில் வரவேண்டும். அந்தப் பாடம் ஆரம்பித்தால் யாராவது ஒருத்தர் இதைச் செய்யாமல் விடுவதில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர். இடப்பக்கம் ஆக்சிஜன் 2, வலப்பக்கம் 1. உடனே ஹெச்2ஓ-வின் வாலில் ஒரு 2 சேர்த்து ஹெச்2ஓ2 என்று எழுதி, "சமமாயிருச்சுங் சார்" என்று நோட்டை நீட்டுவார்கள். எண்ணிக்கை என்னவோ சரிதான்!

இந்த வருஷம் நீட்டியவனின் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. "கண்ணு, நீ எழுதுனது தண்ணியில்ல, பெராக்சைடு. உங்கப்பா பட்டறையில துணி வெளுக்க ஊத்துவாங்களே, அது" என்றேன். கையில் பட்டால் தோல் வெளுத்து எரியும் என்று அவனுக்கே தெரியும்.

"அப்ப கீழ இருக்கற நம்பரைத் தொடக்கூடாதுங்களா?"

"தொட்டா பொருளே மாறிப்போயிரும். எத்தனை மூலக்கூறுன்னு முன்னாடிதான் போடோணும்."

2ஹெச்2 + ஓ2 → 2ஹெச்2ஓ. அவனே போட்டான்.

மறுநாள் வந்து, "வெளுத்த பொறவு கில்லர் போடறாங்களாமா, அது எதைக் கொல்லுதுங் சார்?" என்றான். பாடப்புத்தகத்தில் இல்லாத நல்ல கேள்வி. துணியில் பெராக்சைடு மிச்சம் இருந்தால் சாயம் ஒழுங்காக ஏறாது. அதற்காகப் போடும் கேட்டலேஸ் என்ற நொதி, பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். எழுதச் சொன்னேன். இடப்பக்கம் ஆக்சிஜன் 2, வலப்பக்கம் 3. பேனாவைக் கடித்துக்கொண்டே யோசித்தவன், 2ஹெச்2ஓ2 → 2ஹெச்2ஓ + ஓ2 என்று முடித்தான். இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 4. "கில்லரை எங்கீங் சார் எழுதறது?" அம்புக்குறிக்கு மேலே. அது வினையில் செலவாவதில்லை, அதனால் கணக்கிலும் வராது.

கோபி பக்கம், பள்ளி ஆசிரியை:

எங்கள் பிள்ளைகளுக்குப் பயம் பின்னத்தில்தான். கேஸ் சிலிண்டரில் இருக்கிற பியூட்டேனை (சி4ஹெச்10) எரிக்கச் சொன்னேன். முதலில் கார்பன், அடுத்து ஹைட்ரஜன், கடைசியில்தான் ஆக்சிஜன். தனியாக நிற்கிற ஓ2-வின் எண்ணை மாற்றினால் வேறு எதுவும் கலையாது, அதனால்தான் இந்த வரிசை. கார்பன் டை ஆக்சைடு 4, தண்ணீர் 5. ஆக்சிஜன் அணு மொத்தம் 13. அப்போது ஓ2 ஆறரை! "அரை மூலக்கூறு எப்படிங் மிஸ் வரும்?" என்று ஒருத்தி ரப்பரை எடுத்துவிட்டாள். அழிக்க விடவில்லை. "எல்லாத்தையும் ரெட்டியாக்கு சாமி." பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டை ஆக்சைடு 8, தண்ணீர் 10. அரையைக் கண்டதும் முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் பரீட்சையில் நேரத்தைத் தின்கிறது.

சங்ககிரி, ஒரு அம்மா:

என் மகளுக்கு நேர்மாறுங்க. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் வரும். கால்சியம், கார்பன், ஆக்சிஜன் எல்லாம் எழுதின உடனே சமம். அவளோ முக்கால் மணி நேரம் எங்கே எண் போடுவதென்று தேடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் போட வேண்டாம் என்றதும், "ஒண்ணுமே செய்யாம மார்க் குடுப்பாங்களாம்மா?" என்கிறாள்.