கப்பலில் ஒளித்து வைக்கும் வாத்துப் பொம்மை: விளையாட்டா, வீண் சுமையா?

பொங்கோல்_அம்மா:

போன வாரம் சிங்கப்பூர் மரினா பேயிலிருந்து பினாங்குக்கு மூன்று இரவுப் பயணம் போய்வந்தோம். இரண்டாம் நாள் காலை, தொடக்கநிலை 2 படிக்கும் என் மகள் படிக்கட்டில் நின்றுகொண்டு, "அம்மா, அங்கே பாருங்கள்!" என்று கத்தினாள். சுவரில் மாட்டியிருந்த படச் சட்டத்தின் மேல் விளிம்பில், கோழி முட்டை அளவில் ஒரு மஞ்சள் வாத்து உட்கார்ந்திருந்தது. கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு. "என்னைக் கண்டுபிடித்துவிட்டாய்! வைத்துக்கொள், அல்லது இன்னொருவருக்காக ஒளித்து வை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வைத்தவர் பெயர் இல்லை.

அன்று முழுவதும் அவள் சறுக்குமரத்தின் பக்கமே போகவில்லை. தளம் தளமாக ஏறி இறங்கினாள், தூண்களின் பின்னால் எட்டிப் பார்த்தாள், நாற்காலிகளின் அடியில் குனிந்தாள். கைப்பேசியைக் கேட்கவேயில்லை. இரண்டாவது வாத்து கிடைக்கவில்லை. ஆனாலும் இரவில் அந்த ஒன்றைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

விசாரித்ததில், 2018இல் பத்து வயது அமெரிக்கச் சிறுமி ஒருத்தி குடும்பத்தோடு கப்பலில் போனபோது வாத்துகளை ஒளித்து வைத்துத் தொடங்கிய பழக்கம் இது என்று தெரிந்தது. இன்று உலகமெங்கும் பல கப்பல்களில் நடக்கிறது.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மறுபடியும் போகிறோம். தேக்கா கடை ஒன்றில் முப்பது வாத்து வாங்கி வைத்துவிட்டேன். என் கணவரின் அண்ணன், "இது குப்பை போடுவதற்குச் சமம்" என்று சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கடற்காகம்:

உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஏழு ஆண்டுகள் உல்லாசக் கப்பலில் அறைப் பணியாளராக வேலை பார்த்தவன் நான். உங்கள் மகளின் மகிழ்ச்சியைக் குறைத்துப் பேசவில்லை. அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் குனிந்து நிமிர்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் நாலாயிரம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள். பயணம் முடியும் நாளன்று காலையில் அத்தனை பேரும் இறங்குவார்கள், மதியத்துக்குள் அடுத்த நாலாயிரம் பேர் வரத் தொடங்குவார்கள். இடையில் இருக்கும் சில மணி நேரத்தில் என் பொறுப்பிலிருந்த அறைகள் அத்தனைக்கும் படுக்கை விரிப்பு மாற்றி, கழிவறை கழுவி, குப்பை எடுத்து முடிக்க வேண்டும். நான் இருந்த கப்பலில், பயணிகள் விட்டுச்சென்ற எந்தப் பொருளையும் எழுதிவைத்து ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இருபது காசு பெறுமான வாத்துக்கும் அதே விதிதான்.

ஒருநாள் இரவு மலாக்கா நீரிணையில் நல்ல மழை. மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகளைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கிவிட்டது. வடிகால் வாயில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். வந்தவை இரண்டு வாத்துகளும் ஊறிப்போன ஒரு சீட்டும். மை கலைந்து எழுத்து அழிந்திருந்தது. இன்னொரு முறை, தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குள் வால்வுச் சக்கரத்தின் மேல் ஒரு வாத்து. சோதனைக்கு வந்த அதிகாரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைத்தான் கேட்டார். வைத்த பயணி அப்போது வீட்டில் இருந்திருப்பார்.

முப்பது வாத்து வாங்கியிருக்கிறீர்கள். உங்களைப் போல் நாற்பது குடும்பங்கள் வந்தால் ஆயிரத்து இருநூறு. எண்ணிப் பாருங்கள்.

நூல்கண்டு:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது அறுபத்தெட்டு. பொங்கோல் அம்மா, உங்கள் மகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு ரஜூலா கப்பல் நினைவுக்கு வந்தது. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் அந்தப் பெயர் தெரியும். 1926இல் கட்டிய கப்பல் அது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மாவோடு அதன் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தேன். நாள் கணக்கில் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்துப் பாயில் இருந்த பெயர் தெரியாத ஓர் ஆச்சி, மணல் இல்லாத இடத்தில் எங்களுக்குக் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆட வழி செய்தார். பழைய சேலை ஒன்றை நீளமாகக் கொசுவி மணல்மேடு போலப் பரப்பினார். அதன் மடிப்புக்குள் புளியங்கொட்டையை ஒளித்தார். இரண்டு கையையும் கோத்து நாங்கள் மூடும் இடத்தில் கொட்டை இருந்தால் எங்களுக்கு வெற்றி. பினாங்கில் அவர் இறங்கியபோது அந்தப் புளியங்கொட்டையை என் கையில் வைத்து மூடிவிட்டுப் போனார். அறுபது ஆண்டு ஆகிவிட்டது, அவருடைய கையின் சூடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முன்பின் தெரியாத ஒருவர் ஒரு குழந்தைக்காக எதையோ ஒளித்து வைக்கிறார் என்றால், அதைக் குப்பை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் தம்பி கடற்காகம் சொன்ன கணக்கும் என்னை உறுத்துகிறது. முப்பது வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம் என்பது என் எண்ணம். கம்பளி நூலில் வாத்து பின்ன எனக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

தெம்பனிஸ்வாசி:

நூலோ பிளாஸ்டிக்கோ, பொது இடத்தில் யாரும் கேட்காத பொருளை ஒளித்து வைப்பதே தவறு என்கிறேன். 2017 ஏப்ரல் 18ஆம் தேதி உட்லீ எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஏறத்தாழ மூன்று மணி நேரம் மூடினார்கள். நிலையத்தில் பல இடங்களில் வெள்ளை மாவு கிடந்தது. அது என்ன பொருளோ என்று பதறிப்போய்ப் பயணிகளை வெளியேற்றினார்கள். கடைசியில் பார்த்தால், ஓட்டக் குழு ஒன்று தன் உறுப்பினர்களுக்கு வழி காட்டுவதற்காகத் தூவிய சமையல் மாவு. தூவியவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அது அவர்களுக்கு விளையாட்டு. வீட்டுக்குப் போக முடியாமல் நின்றவர்களுக்கு அது விளையாட்டாக இருந்ததா?

கடலையும் நினைத்துப் பாருங்கள். நாம் ரப்பர் வாத்து என்று சொல்வது பெரும்பாலும் வினைல் பிளாஸ்டிக். 1992 ஜனவரியில் ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவின் டகோமாவுக்குப் போன 'எவர் லாரல்' சரக்குக் கப்பலிலிருந்து புயலில் கொள்கலன்கள் கடலில் விழுந்தன. ஒன்றில் 28,800 குளியல் பொம்மைகள். மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு பீவர். பத்து மாதம் கழித்து அலாஸ்காவின் சிட்கா கரையில் ஒதுங்கத் தொடங்கின, பல ஆண்டுகள் மிதந்தன. திறந்த தளத்தின் கைப்பிடிக் கம்பியில் நீங்கள் வைக்கும் வாத்து காற்றில் எங்கே போகும்?

கப்பலிலிருந்து எந்தப் பிளாஸ்டிக்கையும் கடலில் விடக் கூடாது என்று, கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் அனைத்துலக மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 முதல் சொல்லிவருகிறது. கப்பல் நிறுவனத்துக்கு ஒரு சட்டம், பயணிக்கு வேறொரு சட்டமா?

பொங்கோல்_அம்மா:

ஐயா, உங்கள் கவலை நியாயமானது, உவமை நியாயமில்லை. உட்லீயில் கிடந்தது பெயரில்லாத வெள்ளைப் பொடி. நான் வைப்பது கழுத்தில் சீட்டோடு சிரிக்கும் ஒரு பொம்மை. கப்பலில் ஏறும் ஒவ்வொருவருடைய பையும் ஸ்கேன் செய்யப்படுகிறது. என் முப்பது வாத்துகளையும் அந்தத் திரையில் பார்த்துவிட்டுத்தான் அனுப்பப் போகிறார்கள்.

1992இல் பொம்மைகளைக் கடலில் போட்டது எந்தக் குழந்தையுடைய கையும் இல்லை. அந்தப் பொம்மைகள் ஒதுங்கிய இடங்களை வைத்துத்தான் கர்ட்டிஸ் எப்ஸ்மேயர் என்ற கடலியல் அறிஞர் பசிபிக் நீரோட்டங்களைப் பற்றி எத்தனையோ தெரிந்துகொண்டார். அதற்காகப் பிளாஸ்டிக் கடலில் மிதக்கலாம் என்று நான் வாதிடவில்லை. திறந்த தளத்தில் ஒன்றைக்கூட வைக்கமாட்டேன், இதை எழுதித் தருகிறேன்.

ஆனால் வடிகால் கதை என்னைத் தூங்கவிடவில்லை, கடற்காகம் அண்ணன்.

பாலர்பள்ளி_ஆசிரியை:

எல்லாரும் முப்பதா மூன்றா என்று எண்ணிக்கையையே பேசுகிறீர்கள். நான் அளவைப் பற்றிக் கேட்க வந்தேன். இணையத்தில் நூறு, இருநூறு என்று மொத்தமாக விற்கும் குட்டி வாத்துகள் இருக்கின்றனவே, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை, அவைதான் ஆபத்து. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்க்கும். பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை உண்டு. 31.7 மில்லிமீட்டர் அகலம், ஆழம் 57 மில்லிமீட்டருக்குள். எந்தப் பக்கம் திருப்பினாலும் சரி, அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் சின்னக் குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும். எங்கள் பள்ளியில் கழிவறைக் காகிதம் சுற்றிய அட்டைக் குழலை வைத்துப் பார்ப்போம். அது இன்னும் அகலமானது, அதற்குள்ளும் நுழையாத பொருளையே பிள்ளைகளிடம் கொடுப்போம்.

பொங்கோல் அம்மா, அந்தப் படச் சட்டம் உங்கள் மகளின் தலைக்கு மேல் இருந்தது. அவளால் அண்ணாந்து பார்க்க முடிந்தது. பெரும்பாலானவர்கள் வைப்பது தரையோரம், தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில். கண்டுபிடிக்கப் போவது ஏழு வயதுப் பிள்ளைதான் என்று யார் சொன்னது?

இன்னொன்று. கப்பலில் நோரோவைரஸ் வயிற்றுப்போக்கு பரவினால் கை படும் பொருள்கள் வழியாகவும் தொற்றும். சாராயம் கலந்த கைத்தூய்மி அதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும். பத்துக் கை மாறிய வாத்தைக் குழந்தையின் தலையணைக்கு அருகில் வைப்பதற்கு முன் கழுவினீர்களா? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்காமல் இருக்க முடியவில்லை.

பொங்கோல்_அம்மா:

கழுவவில்லை. இப்போது கழுவிவிட்டேன்.

பிடோக்_வாசகன்:

வாத்துக்குப் பதில் ஒரு தமிழ்ச் சிறுவர் நூலை வைத்துவிட்டு வாருங்களேன். படித்தவர் அடுத்தவருக்கு வைக்கட்டும்.

நூல்கண்டு:

நல்ல யோசனைதான். நாலாயிரம் பேரில் தமிழ் படிக்கும் பிள்ளையின் கையில் அது சேருமா என்பது மட்டும் என் கேள்வி. வாத்துக்கு மொழி தேவையில்லையே, தம்பி.

கடற்காகம்:

பொங்கோல் அம்மா தூங்கவில்லை என்றதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

கீழ்த்தளத்தில் எங்கள் அறை. இரண்டு பேருக்கு ஒன்று, அடுக்குக் கட்டில், சன்னல் கிடையாது. என்னோடு தங்கியிருந்தவர் ஜாவாவிலிருந்து வந்தவர், ஊரில் நான்கு வயது மகன். ஒரு பயணத்தின் முடிவில் ஒரு குடும்பம், அறை மேசையில் ஒரு வாத்தை வைத்து, அவர் பெயரை எழுதி, "இது உங்கள் மகனுக்கு" என்று சீட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தது. பேச்சுவாக்கில் மகனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பெயர் எழுதிக் கொடுத்ததால் அதை ஒப்படைக்க வேண்டியதில்லை. கட்டில் விளக்கின் மேல் ஐந்து மாதம் அது உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், பெட்டியில் வைத்தால் நசுங்கிவிடும் என்று.

இதைச் சொல்வதால் என் கருத்து மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கையில் கொடுத்த வாத்து வேறு, வடிகாலில் கிடந்த வாத்து வேறு. ஒளித்துத்தான் வைப்பீர்கள் என்றால், வைத்த இடத்தை எழுதி வையுங்கள். கடைசி இரவு சுற்றி வந்து, கிடைக்காமல் இருப்பதை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். நான் வேலை பார்த்த ஏழு ஆண்டில் அப்படிச் செய்தவர் ஒருவரையும் பார்க்கவில்லை. தீயணைப்புப் பெட்டி, உயிர்காப்பு அங்கி அலமாரி, உயிர்காப்புப் படகு, நீச்சல் குளம், உணவு பரிமாறும் இடம் ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது.

தெம்பனிஸ்வாசி:

அந்த வாத்துக் கதை என்னைத் தொட்டது. ஆனாலும் என் நிலைப்பாடு அதேதான். நான் கப்பலில் ஒன்றைக் கண்டால் எடுத்துக்கொண்டு போய் வரவேற்பு மேசையில் ஒப்படைப்பேன்.

பொங்கோல்_அம்மா:

ஒப்படையுங்கள் ஐயா, உங்கள் உரிமை அது.

வாங்கிய முப்பதில் இருபத்தெட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பணம் தரவில்லை, அதே விலைக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டேன். நூல்கண்டு அம்மா சனிக்கிழமை எங்கள் புளோக்குக்கே வந்து என் மகளுக்கு நூல் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அவர் பின்னியது ஐந்து, மகள் பின்னியது ஒன்று. அவளுடையதற்கு அலகு பக்கவாட்டில் இருக்கிறது, அதைத்தான் முதலில் ஒளிப்பாளாம். ஆறும் அட்டைக் குழலில் நுழையவில்லை, பார்த்துவிட்டோம்.

பயிற்சிப் புத்தகம் ஒன்றில் ஆறு கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். வைத்த தளம், வைத்த இடம், கடைசி இரவில் இருந்ததா இல்லையா என்று மூன்று வரி. ஆறும் இல்லாமல் போக வேண்டும் என்பது அவள் ஆசை. மீதி இரண்டு பிளாஸ்டிக் வாத்துகள் ஒளிப்பதற்கு இல்லை. எங்கள் அறையைச் சுத்தம் செய்கிறவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முதல் நாளே கேட்கப் போகிறாள். பெயரை எப்படி எழுதுவது என்றும் அவரிடமே கேட்டு எழுதுவாளாம்.